கடிகாரம் குட்டி போடுவதில்லை

"ஒரு கைப்பேசி தானாகவே உருவாகிவிடுமா?" பரிணாமம் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்தக் கேள்வி வராமல் போவதில்லை. மேடையில் கேட்கிறார்கள், வகுப்பறையில் கேட்கிறார்கள், குடும்பத்துக்குள்ளும் கேட்கிறார்கள். கையடக்கமான ஒரு கருவிக்கே இத்தனை பொறியாளர்கள் தேவைப்பட்டார்கள் என்றால், அதைவிடப் பல மடங்கு நுட்பமான கண்ணும் மூளையும் யாரும் திட்டமிடாமல் எப்படி வந்திருக்கும் என்பது கேள்வியின் உட்பொருள். கேட்பவரை அறிவியல் தெரியாதவர் என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. அது தவறு. இது நல்ல கேள்வி. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய அறிஞர்கள் கேட்டுவந்த கேள்வி. இளம் வயது டார்வினும் படைப்பாளரே இதற்குப் பதில் என்று நம்பியவர்தான்.

இயந்திரத்தையும் உயிரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. முழுமையாக ஒப்பிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். நுட்பம், பொருத்தம் என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டால் உவமை படைப்புவாதத்துக்குச் சாதகமாகத் தெரியும். இயந்திரங்களின் வரலாற்றையும் உயிர்களின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அதே உவமை எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லும்.

இந்த உவமையின் புகழ்பெற்ற வடிவம் கடிகாரம். வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1802-இல் வெளியிட்ட 'இயற்கை இறையியல்' நூல் அதோடுதான் தொடங்குகிறது. பொட்டல் வெளியில் நடக்கும்போது காலில் ஒரு கல் தட்டுப்பட்டால், அது என்றைக்கும் அங்கேயே கிடந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஒரு கடிகாரம் கிடந்தால் அப்படிச் சொல்ல முடியுமா? பற்சக்கரங்களும் சுருள்வில்லும் ஒன்றோடொன்று இசைந்து நேரம் காட்டுகின்றன, எனவே செய்தவர் ஒருவர் உண்டு. கண் அதைவிட இசைவான கருவி, எனவே அதற்கும் செய்தவர் உண்டு. கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோது டார்வின் பேலியை விரும்பிப் படித்தார். யூக்ளிடின் வடிவியல் தந்த மகிழ்ச்சியைப் பேலியின் தர்க்கமும் தந்தது என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இயற்கைத் தேர்வு கண்டறியப்பட்ட பிறகு அந்த வாதம் நிற்கவில்லை என்பதையும் அங்கேயே சொல்கிறார்.

பேலி மேலோட்டமாகச் சிந்தித்தவர் அல்லர். கடிகாரம் இன்னொரு கடிகாரத்தை ஈன்றால் என்ன சொல்வது என்று இரண்டாம் அத்தியாயத்தில் அவரே கேட்டுக்கொள்கிறார். அப்போதும் வியப்பு கூடுமே தவிரக் குறையாது; தன்னைப் போலவே ஒன்றை ஈனும் கடிகாரத்தைச் செய்தவர் இன்னும் பெரிய கைவினைஞர் என்பது அவர் முடிவு. ஆனால் அவர் கற்பனையில் குட்டிக் கடிகாரம் தாயின் அச்சாகவே பிறந்தது. உயிர்கள் அப்படிப் பிறப்பதில்லை. ஓர் ஈற்றில் பிறந்த நான்கு நாய்க்குட்டிகளும் நான்கு விதமாக இருக்கின்றன. பிறந்தவை எல்லாம் பிழைப்பதும் இல்லை. பிழைத்தவை தம் தன்மைகளை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கின்றன. இந்தச் சாதாரண உண்மைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெரிய விளைவு கிடைக்கும் என்று டார்வினும் வாலஸும் 1858-இல் காட்டினார்கள். இயற்கைத் தேர்வு என்பது இதுதான். குட்டி போடாத, குட்டிக்குக் குட்டி வேறுபடாத எந்தப் பொருளும் பரிணாமம் அடையாது. பொட்டலில் கிடக்கும் கடிகாரத்துக்குச் செய்தவர் தேவைப்படுவது இதனால்தான். கைப்பேசிக்கும் அதே காரணம்தான். நாய்க்குட்டி வேறு வகையைச் சேர்ந்தது.

பேலிக்கு 23 ஆண்டுகள் முன்பே, 1779-இல், டேவிட் ஹியூமின் 'இயற்கைச் சமயம் குறித்த உரையாடல்கள்' அவர் மறைவுக்குப் பின் அச்சாகியிருந்தது. ஹியூம் எடுத்துக்கொண்டது கப்பல். அழகான கப்பலைப் பார்த்தால் அதைக் கட்டிய தச்சர் மாமேதை என்று நினைப்போம். விசாரித்துப் பார்த்தால் அவர் பிறரைப் பார்த்துச் செய்த சாதாரணத் தொழிலாளியாக இருப்பார். பல தலைமுறைகளின் சோதனைகளும் தவறுகளும் திருத்தங்களும் படிப்படியாகச் சேர்ந்துதான் அந்தக் கப்பல் வந்திருக்கும். இதை இன்றைய கைப்பேசிக்கும் பொருத்திப் பார்க்கலாம். அதற்குள் 1947-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டரின் வழித்தோன்றல்கள் இருக்கின்றன, கேமராவின் வரலாறு இருக்கிறது, ரேடியோவின் வரலாறு இருக்கிறது. கைப்பேசியின் ஒவ்வொரு உறுப்பையும் தனியாகச் செய்து முடிக்கத் தெரிந்த மனிதர் உலகில் ஒருவர்கூட இல்லை. நுட்பமான இயந்திரம் என்றால் ஒரே மூளை ஒரே தடவையில் தீட்டிய திட்டம் என்ற எண்ணம் இயந்திரங்களுக்கே பொருந்தாது.

அடுத்து ஒரு விமானம். விண்மீன்களுக்குள் தனிமங்கள் உருவாகும் விதத்தை விளக்கிய வானியலாளர் ஃபிரெட் ஹாயில், உயிர் தற்செயலாகத் தோன்றுவது என்பது பழைய இரும்புக் குவியலைச் சூறாவளி அடித்து போயிங் 747 விமானமாக்குவதைப் போன்றது என்று 1980-களின் தொடக்கத்தில் சொன்னார். இன்றும் இது பரிணாமத்துக்கு எதிராக எடுத்துக்காட்டப்படுகிறது. ஹாயில் பேசியது முதல் உயிரின் தோற்றத்தைப் பற்றி. அது வேதியியல் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கும் தனிக் கேள்வி. பெருகவும் வேறுபடவும் தெரிந்த உயிர் வந்த பிறகு நடந்ததை விளக்குவதே இயற்கைத் தேர்வு. அங்கே சூறாவளிக்கு இடமில்லை. எல்லாம் ஒரே வீச்சில் கூடிவர வேண்டியதில்லை. ஒவ்வொரு சிறு ஆதாயமும் சேமித்து வைக்கப்படுகிறது, அடுத்தது அதன்மேல் ஏறுகிறது.

இப்படிச் சேமிக்கும் முறை வேலை செய்கிறதா என்று பொறியாளர்களே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006 மார்ச்சில் நாசா ஏவிய எஸ்டி5 என்ற மூன்று சிறு செயற்கைக்கோள்களில் ஓர் ஆன்டெனா இருந்தது. தாளைக் கோக்கும் கிளிப்பைக் கண்டபடி வளைத்தது போன்ற உருவம். எந்தப் பொறியாளரும் அதை வரையவில்லை. கணினியில் பல வடிவங்களைத் தோராயமாக உண்டாக்கி, சுமாராக அலைவாங்கியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைக் கலந்து, சிறிது மாற்றி, மறுபடி சலித்துச் சலித்து வந்த வடிவம் அது. எது நல்ல ஆன்டெனா என்ற அளவுகோலை மனிதர்கள்தானே கொடுத்தார்கள் என்று படைப்புவாதிகள் கேட்பது சரிதான். கொடுத்தார்கள். இயற்கையில் அந்த அளவுகோலை யாரும் கொடுக்க வேண்டியதில்லை. பட்டினியும் நோயும் பகையும் துணை தேடலும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. வடிவத்தைத் தீட்ட ஒரு மூளை வேண்டியதில்லை என்பதற்கு அந்த ஆன்டெனா போதுமான சான்று.

இனி எலிப்பொறி. நம் வீடுகளில் எலி பிடிக்கக் கூண்டு வைப்பது வழக்கம். அமெரிக்க வீடுகளில் புழங்குவது வேறு வகை. ஒரு சிறு மரப்பலகை, அதன்மேல் சுருள்வில், வில்லின் விசையால் அடிக்கும் கம்பி, அதை அடிக்கவிடாமல் பிடித்து நிறுத்தும் நீளக் கம்பி, எலி தொட்டதும் விடுபடும் கொக்கி. ஐந்தே உறுப்புகள். இல்லினாய் மாநிலத்து வில்லியம் ஹூக்கர் இந்த வகைப் பொறி ஒன்றுக்கு 1894-இல் காப்புரிமை பெற்றார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1996-இல், லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி 'டார்வினின் கறுப்புப் பெட்டி' என்ற நூலில் இதைத் தன் வாதத்துக்கு அச்சாணியாக வைத்தார். ஐந்தில் ஒன்றை எடுத்துவிட்டால் பொறி கொஞ்சம் குறைவாக எலி பிடிக்காது, எலியே பிடிக்காது. செல்லுக்குள்ளும் இப்படிக் குறைக்க முடியாத அமைப்புகள் இருக்கின்றன. படிப்படியாக வளர்வது என்றால் ஒவ்வொரு படியிலும் பயன் இருக்க வேண்டுமே, பாதிப் பொறியால் யாருக்கு என்ன பயன்? இதுதான் பீஹி கேட்டது. அவர் முதன்மையாகக் காட்டிய எடுத்துக்காட்டு பாக்டீரியாவின் கசையிழை. அடியில் சுழலும் மோட்டார், அதில் பொருந்திய வால், பல வகைப் புரதங்கள். பூமியின் வயதையோ, உயிர்கள் பொது மூதாதையரிலிருந்து வந்தவை என்பதையோ பீஹி மறுப்பவர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவரை மேற்கோள் காட்டும் பலர் இதைச் சொல்வதில்லை.

இந்த எலிப்பொறி நீதிமன்றம் வரை போனது. பென்சில்வேனியா மாநிலத்தின் டோவர் என்ற சிற்றூரில், 2004 அக்டோபரில் பள்ளிக் குழு ஒரு தீர்மானம் போட்டது. டார்வினின் கோட்பாட்டில் ஓட்டைகள் உண்டு, 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற மாற்று விளக்கம் உண்டு என்று ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது முடிவு. அறிவியல் ஆசிரியர்கள் அந்த அறிக்கையைப் படிக்க மறுத்தார்கள். நிர்வாகிகள் வந்து படித்தார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தார்கள். 2005 செப்டம்பர் 26-இல் தொடங்கிய விசாரணை ஆறு வாரங்கள் நீடித்தது.

பிரவுன் பல்கலைக்கழக உயிரியலாளர் கென்னத் மில்லர் பெற்றோர் தரப்பில் சாட்சி சொன்னார். பீஹிக்கு அவர் சொல்லிவந்த பதில் எளிமையானது. கொக்கியையும் நீளக் கம்பியையும் கழற்றிவிட்டால் மிச்சமுள்ள மூன்று உறுப்புகளால் எலி பிடிக்க முடியாது. ஆனால் அது ஒரு நல்ல டை கிளிப். சொற்பொழிவுகளில் அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டிக்கொண்டே வந்து காட்டியவர் அவர். பாதிப் பொறிக்குப் பயனில்லை என்பது எலி பிடிப்பது ஒன்றே பயன் என்று வைத்துக்கொண்டால் மட்டும் உண்மை. கசையிழையிலும் இதே கதைதான். அதன் அடிப்பகுதிப் புரதங்களில் சுமார் பத்துக்கு நெருங்கிய உறவுள்ளவை, பிளேக் நோய்க் கிருமி நம் செல்களுக்குள் நஞ்சைச் செலுத்தும் ஊசி போன்ற அமைப்பில் இருக்கின்றன. அங்கே எதுவும் சுழலவில்லை, நீந்தவில்லை. பகுதி மட்டும் இருக்கிறது, அது வேறு வேலை பார்க்கிறது. இந்த ஊசி கசையிழைக்குப் பிந்தியது என்றே மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் வாதம் தளராது. பகுதி தனியே பயன்படும் என்பதுதான் இங்கே காட்ட வேண்டியது. குருதி உறைதலைப் பற்றியும் பீஹி இதே போலச் சொல்லியிருந்தார். திமிங்கிலத்துக்கும் டால்ஃபினுக்கும் உறைதல் புரதங்களில் ஒன்றான பன்னிரண்டாம் காரணி கிடையாது. அவற்றின் குருதி உறையத்தான் செய்கிறது. நோயெதிர்ப்பு மண்டலத்தின் பரிணாமத்துக்கு விளக்கமே இல்லை என்று எழுதியிருந்த பீஹியின் முன்னால், அதைப் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளை வழக்கறிஞர் அடுக்கி வைத்தார். அவை போதாது என்று பீஹி பதிலளித்தார்.

எலிப்பொறியைக் குறைக்க முடியும் என்று காட்டியதால் பரிணாமம் நிரூபணம் ஆகிவிடாது. டெலவேர் பல்கலைக்கழக உயிரியலாளர் ஜான் மெக்டொனால்ட் நான்கு, மூன்று, இரண்டு, ஒரே ஒரு உறுப்பு கொண்டும் எலி பிடிக்கும் பொறிகளை வரைந்து காட்டினார். ஒவ்வொரு படியிலும் கம்பியை வளைத்தது மனிதக் கைதானே என்று பீஹி திருப்பிக் கேட்டார். கேட்டது நியாயம். 'ஓர் உறுப்பு போனால் எல்லாம் போயிற்று, எனவே படிப்படியாக வந்திருக்க முடியாது' என்ற தர்க்கத்தை எலிப்பொறி உடைக்கிறது, அவ்வளவே. உயிர்கள் உண்மையில் எப்படி வந்தன என்பதை உயிர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இதை மறந்து தடுமாறியவர்கள் பரிணாமத்தின் பக்கமும் இருக்கிறார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக விலங்கியலாளர் டிம் பெர்ரா 1990-இல் எழுதிய நூலில் செவர்லே கார்வெட் காரை எடுத்துக்காட்டினார். 1953-இன் காரையும் 1954-இன் காரையும் அருகருகே வையுங்கள், பிறகு 1955, 1956 என்று வரிசையாக வையுங்கள், மாற்றங்களோடு வழிவழியாக வருவது என்றால் என்னவென்று தெரியும் என்றார். பெர்க்லி சட்டப் பேராசிரியரும் அறிவார்ந்த வடிவமைப்பு இயக்கத்தின் முன்னோடியுமான ஃபிலிப் ஜான்சன் இதைப் பற்றிக்கொண்டார். ஒவ்வொரு ஆண்டுக் காரையும் பொறியாளர்கள் அல்லவா வடிவமைத்தார்கள், வரிசை இருப்பதால் மூதாதை உண்டு என்று ஆகிவிடாது என்று 1997-இல் எழுதி, அதற்கு 'பெர்ராவின் பெருந்தவறு' என்று பெயரும் வைத்தார். ஜான்சன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒற்றுமைகள் படிப்படியாக மாறிவருவதை மட்டும் காட்டினால் இயந்திரமும் உயிரும் ஒன்றுபோலத்தான் தெரியும். எந்த மாதிரியான ஒற்றுமை என்று ஒரு படி மேலே போய்க் கேட்டால்தான் இரண்டும் பிரியும்.

இந்தக் கேள்வியைக் கையால் தொட்டுப் பார்த்தவர் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொல்லுயிரியலாளராகப் பணியாற்றியவர். டிரைலோபைட் என்ற அழிந்துபோன கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். ஸ்டீஃபன் ஜே கூல்டுடன் சேர்ந்து 1972-இல் பரிணாமத்தின் வேகம் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரை எழுதியவர். அவருக்கு இன்னொரு ஆர்வம் கார்னெட். டிரம்பெட்டுக்கு உறவான பித்தளை ஊதுகருவி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வந்த கார்னெட்டுகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். டிரைலோபைட்டுகளை வரிசைப்படுத்தும் அதே முறையைக் கார்னெட்டுகள் மீது பிரயோகித்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். குழாய் எந்தப் பக்கம் வளைகிறது, வால்வு எந்த வகை, மணிவாய் எங்கே திரும்புகிறது என்று கூறுகளைப் பட்டியலிட்டுக் கணினியிடம் கொடுத்து வம்சமரம் வரையச் சொன்னார். எந்தக் கருவி எந்த ஆண்டில் யார் பட்டறையில் செய்தது என்பது பெரும்பாலும் தெரியும் என்பதால் விடையைச் சரிபார்க்கவும் வழி இருந்தது. மரம் குழம்பியது. உண்மை வரலாற்றோடு அது ஒத்துவரவில்லை.

காரணம் எளிது. பாரிஸில் ஒரு கைவினைஞர் நல்ல வால்வு ஒன்றைக் கண்டுபிடித்தால் லண்டனிலும் பாஸ்டனிலும் உள்ள மற்றவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கருவியில் வைத்துக்கொள்கிறார்கள். 1839-இல் ஃபிரான்சுவா பெரினே உருவாக்கிய வால்வு இப்படித்தான் எங்கும் பரவியது. ஒரு வம்சத்தின் கண்டுபிடிப்பு பக்கவாட்டில் பாய்ந்து இன்னொரு வம்சத்துக்குள் நுழைகிறது. கைவிட்ட பழைய அமைப்பைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்துக்கொள்ளவும் முடிகிறது. கார்களிலும் அப்படித்தான். விமானச் சக்கரங்களுக்கு வந்த ஏபிஎஸ் பிரேக் பிறகு கார்களுக்கு வந்தது, இன்று மோட்டார் சைக்கிளிலும் இருக்கிறது. கேமரா, தொடுதிரை, ஜிபிஎஸ் ஆகியவை சில ஆண்டுகளுக்குள் எல்லா நிறுவனங்களின் கைப்பேசிகளுக்குள்ளும் புகுந்துவிட்டன. அறிவுள்ள வடிவமைப்பின் கையெழுத்து இதுதான். நல்லதைக் கண்டால் எடுத்துக்கொள்ளும். எங்கிருந்து என்று பார்க்காது.

இப்போது உயிர்களைப் பாருங்கள். பறவைக்கு இறகு இருக்கிறது. பறப்பதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. வௌவாலும் பறக்கிறது, அதற்கு இறகு இல்லை. நீண்ட விரல்களுக்கு இடையே தோல். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுவதால் உயரத்தில்கூட ஆக்சிஜன் நன்றாகக் கிடைக்கிறது. வௌவாலுக்கு இருப்பது நமக்குள்ள அதே பை போன்ற நுரையீரல். வாழ்நாள் முழுவதும் கடலில் கிடக்கும் டால்ஃபினுக்கு மீனின் செவுள் இல்லை, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். பால் கொடுக்கும் விலங்கு எதற்கும் இறகு இல்லை. இறகுள்ள எதற்கும் பால்சுரப்பி இல்லை. ஆக்டோபஸின் கண்ணில் நரம்பிழைகள் விழித்திரைக்குப் பின்னால் போகின்றன, குருட்டுப் புள்ளி கிடையாது. மீன் முதல் கழுகு வரை, நம்மையும் சேர்த்து, முதுகெலும்புள்ள எல்லாவற்றுக்கும் நரம்பிழைகள் முன்னால் ஓடி, ஓர் ஓட்டை வழியாகப் பின்னால் போகின்றன. அந்த இடத்தில் பார்வை இல்லை. கழுகின் கண்ணை இவ்வளவு கூர்மையாக்கியவர், கடலுக்குள் ஏற்கெனவே இருந்த நல்ல அமைப்பை அதற்கு ஏன் கொடுக்கவில்லை? கைப்பேசி நிறுவனம் ஆறு மாதத்தில் செய்யும் காரியம் இது.

குழுவுக்குள் குழு, அதற்குள் குழு என்று உயிர்கள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதை டார்வினுக்கு நூறு ஆண்டுகள் முன்பே லின்னேயஸ் கண்டார். அவர் படைப்பை நம்பியவர். அதே முறையில் கனிமங்களையும் வகைப்படுத்த முயன்றார், அந்தப் பகுதி நிலைக்கவில்லை. கல்லுக்கு மூதாதை இல்லை. கண்டுபிடித்த ஒன்று தன் சந்ததிக்கு மட்டுமே போகும், பக்கத்து வம்சத்துக்குப் போகாது என்றால்தான் இப்படி அடுக்கு உண்டாகும். அது பிறப்பின் அடையாளம். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பாக்டீரியாக்கள் மரபணுக்களைப் பக்கவாட்டில் கைமாற்றிக்கொள்கின்றன; மருந்துக்கு மசியாத தன்மை மருத்துவமனைகளில் வேகமாகப் பரவுவது அதனால்தான். அவற்றின் வம்சமரமும் கார்னெட்டின் மரம் போலவே சிக்கலாக இருக்கிறது. விலங்குகளுக்குள் வந்ததும் மரம் தெளிந்துவிடுகிறது.

டோவர் வழக்குக்குத் திரும்புகிறேன். அங்கே வெளிவந்த மிக வலுவான சான்று ஒரு சாதாரணக் கணினி வேலையிலிருந்து கிடைத்தது. பள்ளி நூலகத்தில் வைக்கப்பட்ட 'பாண்டாக்களும் மனிதர்களும்' என்ற பாடநூலின் பழைய கையெழுத்துப்படிகளை நீதிமன்றம் வரவழைத்தது. தென்கிழக்கு லூசியானா பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரெஸ்ட் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அரசுப் பள்ளிகளில் படைப்பு அறிவியலைக் கற்பிக்கச் சொல்லும் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1987 ஜூனில். அதற்கு முந்திய படியில் 'படைப்பு' என்று இருந்த இடங்களில், பிந்திய படியில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று இருந்தது. சுமார் 150 இடங்களில் இப்படி மாறியிருந்தது. விளக்கம் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியிருந்தது. ஓரிடத்தில் 'கிரியேஷனிஸ்ட்ஸ்' என்ற சொல்லின் நடுப்பகுதியை மட்டும் நீக்கி 'டிசைன் புரொபோனன்ட்ஸ்' என்று ஒட்டியிருந்தார்கள். பழைய சொல்லின் தலையும் வாலும் இரு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. எந்த மொழியிலும் இல்லாத அந்தச் சொல், இந்த நூல் எதிலிருந்து வந்தது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டிவிட்டது.

நம் ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. இரண்டு சுவடிகளிலும் ஒரே பாடல் சரியாக இருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் இரண்டும் ஒரு மூலத்தைப் பார்த்து எழுதியவை. மரபணுவிலும் அப்படித்தான். ஆடு, மாடு, நாய் ஆகியவை வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. கடைசிப் படிக்குத் தேவையான நொதிக்கு ஒரு மரபணு உண்டு, குலோ என்று பெயர். அது நம்மிடமும் இருக்கிறது, பழுதடைந்து கிடக்கிறது. அதனால்தான் பழமும் காயும் இல்லாமல் மாதக்கணக்கில் கப்பலில் போன மாலுமிகள் ஸ்கர்வி நோயில் மடிந்தார்கள். சிம்பன்சி, உராங்குட்டான், மற்றக் குரங்குகள் ஆகியவற்றிலும் அதே மரபணு அதே விதமாகப் பழுதாகி இருக்கிறது. கினிப் பன்றிக்கும் அது பழுதுதான், ஆனால் பழுதான விதம் வேறு. நல்ல உறுப்பை ஒரு வடிவமைப்பாளர் பல கருவிகளில் திரும்பப் பயன்படுத்தினார் என்று சொல்லலாம். உடைந்த உறுப்பை, உடைந்த விதம்கூட மாறாமல், நம்மிலும் குரங்கிலும் மட்டும் தனித்தனியாகப் பொருத்தினார் என்று சொல்ல முடியாது.

இயந்திரமும் உயிரும் நெருங்கி வரும் இடமும் ஒன்று உண்டு. நாம் ஆங்கிலம் தட்டும் குவெர்ட்டி விசைப்பலகை 1870-களின் இயந்திரத் தட்டச்சுக்காக அமைந்தது. அந்த இயந்திரம் போய்விட்டது, வரிசை போகவில்லை. இதைக் கூல்டு ஒரு கட்டுரையில் பரிணாமத்தோடு ஒப்பிட்டார். மூளையிலிருந்து குரல்வளைக்குப் போகும் ஒரு நரம்பு, நேரே போகாமல் நெஞ்சுக்குள் இறங்கி இதயத்துக்கு அருகே உள்ள பெருந்தமனியைச் சுற்றி மறுபடி மேலே ஏறுகிறது. கழுத்தில்லாத மீன் மூதாதையில் அது குறுக்கு வழி. ஒட்டகச்சிவிங்கியில் பல மீட்டர் வீண் பயணம். ஆனாலும் வேறுபாடு தெரிகிறது. பழைய தமிழ்த் தட்டச்சு அமைப்பு கணினிக்கு ஏற்றதில்லை என்று கண்டவர்கள் உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்களை வலக்கைக்கும் ஒதுக்கி, தமிழ்99 விசைப்பலகையைப் புதிதாகவே அமைத்தார்கள். வடிவமைப்பாளருக்குப் பழையதை வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க முடியும். ஒட்டகச்சிவிங்கியின் தலைமுறைகளில் எதற்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

2005 டிசம்பர் 20-இல் நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பை வழங்கினார். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, படைப்புவாதத்தின் மறுவடிவம் என்றார். அவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர், அதிபர் புஷ்ஷால் நியமிக்கப்பட்டவர். எலிப்பொறியை டை கிளிப்பாக அணிந்த மில்லர் வழிபாடு தவறாத கத்தோலிக்கர். கடவுளை நம்புவதா வேண்டாமா என்று இந்த வழக்கு முடிவு செய்யவில்லை, செய்யவும் முடியாது. நம்பிக்கையுள்ள குடும்பத்துப் பிள்ளைகளிடம் பரிணாமத்தைப் பேசும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதவைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்தினால் யார் காதிலும் விழாது.

இந்தியாவில் 2018 ஜனவரியில் ஒன்றிய அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை, எனவே டார்வின் சொன்னது தவறு என்றார். 2023-இல் என்சிஇஆர்டி-யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமப் பகுதி நீக்கப்பட்டு, 'மரபும் பரிணாமமும்' என்ற அத்தியாயம் 'மரபு' என்று சுருங்கியது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் உயிரியலை எடுக்காத மாணவருக்கு அந்தப் பகுதியைப் படிக்க வேறு வாய்ப்பில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் பற்றிய பாடம் தனியாக இருக்கிறது. அதை நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசி தானாக உருவாகுமா என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால், உட்காரச் சொல்லாதீர்கள். பத்துக் கைப்பேசிகளின் கூறுகளையும் பத்து விலங்குகளின் கூறுகளையும் கரும்பலகையில் பட்டியலிடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வம்சமரம் வரையச் சொல்லுங்கள். எந்த மரம் நிற்கிறது, எது சிக்குகிறது, ஏன் என்று வகுப்பே விவாதிக்கட்டும். அதற்கு ஒரு பாடவேளை முழுவதையும் கொடுங்கள்.